முதிர்ந்த சிங்கிள் மால்ட் விஸ்கி – சுவை ஆய்வும் மதிப்பீடும்: முக்கியக் குறிப்புகள்

அடிப்படை வரையறைகள்

• மால்ட் – நீரில் ஊறி முளைவிட்டபின் சூளையில் உலர்த்தப்பட்ட வாற்கோதுமை.
• சிங்கிள் மால்ட் – ஒரே வடிசாலை. மூலப்பொருள் மால்ட் மட்டும். வாலையில் தொகுதி தொகுதியாக வடித்தல்.
• 'சிங்கிள்' குறிப்பது வடிசாலையை, பீப்பாயை அன்று. ஒரே வடிசாலையின் நூறு பீப்பாய்களைக் கலந்தாலும் அது சிங்கிள் மால்ட்டே. அதிகம் தவறவிடப்படும் வரையறை.
• சிங்கிள் காஸ்க் – ஒரே பீப்பாயிலிருந்து அடைக்கப்பட்டது.
• காஸ்க் ஸ்ட்ரெங்த் – வலிமை குறைக்க நீர் சேர்க்காமல் பீப்பாயில் இருந்த வலிமையிலேயே அடைக்கப்பட்டது.
• ஏ.பி.வி. – கன அளவில் ஆல்கஹால் விழுக்காடு.
• வயதுக் குறிப்பு – கலவையில் உள்ள மிக இளைய விஸ்கியின் வயது. 30 ஆண்டு விஸ்கியில் ஒரு குவளை 12 ஆண்டு விஸ்கி சேர்ந்தாலும் லேபிளில் 12.
• விண்டேஜ் – வடித்த ஆண்டு. வயது அன்று. அடைத்த ஆண்டு தெரியாமல் விண்டேஜை வைத்து வயது கூற இயலாது.
• என்.ஏ.எஸ். – வயதுக் குறிப்பு இல்லாத விஸ்கி.
• முதிர்வு நடைபெறும் இடம் மரப்பீப்பாய் மட்டுமே. 1980-இல் கண்ணாடியில் அடைத்த 12 ஆண்டு விஸ்கி இன்றும் 12 ஆண்டு விஸ்கி.

சட்ட வரையறை: ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகள், 2009

• நடைமுறைக்கு வந்த நாள்: 23 நவம்பர் 2009.
• முதிர்வு: ஸ்காட்லாந்திலேயே; ஓக் மரப் பீப்பாயில்; குறைந்தது 3 ஆண்டு.
• பீப்பாயின் உச்சக் கொள்ளளவு: 700 லிட்டர்.
• வடிப்பின் வலிமை: 94.8 விழுக்காட்டுக்குக் கீழ். மூலப்பொருளின் மணம் வடிப்பில் எஞ்ச வேண்டும் என்பதே காரணம்.
• அடைக்கும் குறைந்தபட்ச வலிமை: 40%.
• அனுமதிக்கப்பட்ட சேர்க்கைகள் இரண்டே: நீர், சாதாரணக் கேரமல் நிறமி (இ150ஏ).
• வகைகள் ஐந்து: சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெய்ன், பிளெண்டட் மால்ட், பிளெண்டட் கிரெய்ன், பிளெண்டட் ஸ்காட்ச் (கிரெய்ன் – மால்ட்டுடன் பிற தானியமும் சேர்ந்தது; பிளெண்டட் – கலவை).
• பாதுகாக்கப்பட்ட புவிப்பெயர்கள் ஐந்து: ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைட், கேம்பல்டவுன், ஐலே.
• 23 நவம்பர் 2012 முதல் சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தல் கட்டாயம். மொத்தக் கொள்கலனில் ஏற்றுமதிக்குத் தடை. போலித் தடுப்பில் 2009 ஒழுங்குமுறைகளின் மிகப் பயனுள்ள பிரிவு.

வரலாறு: ஆண்டுகள்

• 1494 – ஸ்காட்லாந்து அரசுக் கருவூல ஏட்டில் முதல் பதிவு. மன்னர் நான்காம் ஜேம்ஸ். துறவி ஜான் கோர். எட்டு 'போல்' (பழைய அளவை) மால்ட். தயாரிக்க வேண்டியது: அக்வா விட்டே (வடிமது).
• 1823 – கலால் சட்டம். சட்டப்படியான வடிசாலைகளின் பெருக்கம்.
• 1824 – ஜார்ஜ் ஸ்மித், கிளென்லிவெட்டில் உரிமம் பெற்ற வடிசாலை.
• 1830 – ஈனியஸ் காஃபி, தொடர்வடிப்புத் தூண் வாலைக்குக் காப்புரிமை. கிரெய்ன் விஸ்கி, பிளெண்டட் விஸ்கி ஆகியவற்றின் பெருக்கத்துக்கு வழி.
• 1887, டிசம்பர் 25 – கிளென்ஃபிடிக்கில் முதல் வடிப்பு. நிறுவியவர் வில்லியம் கிராண்ட்.
• 1915 – முதிரா மதுவகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குறைந்தபட்ச முதிர்வு 2 ஆண்டு. 1916-இல் 3 ஆண்டு. போர்க்கால நடவடிக்கையே, தரம் உயர்ந்தது அதன் விளைவு.
• 1963 – கிளென்ஃபிடிக், சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்துக்கு வெளியே திட்டமிட்டுச் சந்தைப்படுத்தல்.
• 1983 – மிகை உற்பத்தி நெருக்கடி. போர்ட் எலன், புரோரா உள்ளிட்ட வடிசாலைகள் மூடல். இவற்றின் எஞ்சிய பீப்பாய்களே பின்னாளில் 'மறைந்த வடிசாலை' எனும் ஏல வகையின் முதல் வரிசை.
• புரோரா மறுதிறப்பு 2021. போர்ட் எலன் மறுதிறப்பு 2024.

பீப்பாய்

• பேரல் – ஏறத்தாழ 200 லிட்டர். ஹாக்ஸ்ஹெட் – 250. பட், பஞ்சன் – 500. குவார்ட்டர் காஸ்க் – 125.
• பீப்பாய் சிறிதாயின் விஸ்கிக்கும் மரத்துக்கும் உள்ள தொடுபரப்பு விகிதம் அதிகம், மரச்சுவை விரைவு.
• அமெரிக்க வெள்ளை ஓக் – குவெர்கஸ் ஆல்பா – வனிலா, தேங்காய்.
• ஐரோப்பிய ஓக் – குவெர்கஸ் ரோபர் – உலர்பழம், மசாலா, துவர்ப்பு.
• ஜப்பானிய ஓக் – மிசுனாரா – சந்தனம், ஊதுவத்தி மணம். கசிவு மிகுந்த மரம். பீப்பாய் செய்வது கடினம்.
• அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கிக்குப் புதிய, உட்புறம் கருக்கப்பட்ட ஓக் கலம் கட்டாயம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு வருவது இதனால்.
• 1980-களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்கும் விதி. ஷெர்ரி ஏற்றிவந்த பழைய போக்குவரத்துப் பீப்பாய்களின் வரத்து நின்றது. இன்றைய 'ஷெர்ரி பீப்பாய்' பெரும்பாலும் விஸ்கிக்காகவே ஷெர்ரி ஊற்றிப் பதப்படுத்தப்பட்டது. 1960-களின் ஷெர்ரி மால்ட்டுகளுக்கு ஏலத்தில் தனி மதிப்பு இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.
• முதல் நிரப்பு – முந்தைய மது நீங்கியபின் முதன்முறை விஸ்கி நிரப்பிய பீப்பாய். மறுநிரப்பு – இரண்டாம், மூன்றாம் முறை.
• நீண்ட முதிர்வுக்கு ஏற்றது மறுநிரப்புப் பீப்பாய். 40 ஆண்டு முதல் நிரப்பில் கிடந்த விஸ்கியில் மரம் மட்டுமே மிஞ்சும் வாய்ப்பு அதிகம்.
• நிரப்பும் வழக்கமான வலிமை: 63.5%.
• 'டனேஜ்' கிடங்கு – கல்சுவர், மண்தரை, பீப்பாய்கள் மூன்றடுக்கு. ஈரப்பதம் நிலையானது.
• பீப்பாய் மாற்று முதிர்வு (ஃபினிஷ்) – பால்வெனி வடிசாலையின் டேவிட் ஸ்டுவர்ட், 1980-களின் தொடக்கம், புகழ்பெற்ற விளைவு பால்வெனி டபுள்வுட், 1993.

பீப்பாய்க்குள் நடப்பவை மூன்று

• நீக்கம் – கருகிய உட்சுவர் கந்தகச் சேர்மங்களை ஈர்த்தல்.
• சேர்க்கை – மரத்திலிருந்து வனிலின், லாக்டோன், டானின் கரைதல்.
• வினை – மரத்துளை வழி புகும் ஆக்சிஜன், எஸ்டர்கள் உருவாதல். மூன்றில் மிக மெதுவானது. 10 ஆண்டு விஸ்கிக்கும் 30 ஆண்டு விஸ்கிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கே.

ஆவியிழப்பு: தேவதைகளின் பங்கு

• ஏஞ்சல்ஸ் ஷேர் – பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகும் அளவு.
• ஸ்காட்லாந்து: ஆண்டுக்கு ஏறத்தாழ 2%. அம்ருத் வடிசாலை உள்ள பெங்களூரு: 10 முதல் 12%.
• ஈரமான குளிர்ப்பகுதியில் ஆல்கஹால் விழுக்காடு குறையும். வறண்ட வெப்பக் கிடங்கில் நீர் முந்தி ஆவியாவதால் விழுக்காடு உயரவும் கூடும்.
• 250 லிட்டர் ஹாக்ஸ்ஹெட், ஆண்டிழப்பு 2% எனக் கொண்டால் எஞ்சுவது:
  – 10 ஆண்டு: 204 லிட்டர்
  – 25 ஆண்டு: 151 லிட்டர்
  – 40 ஆண்டு: 111 லிட்டர்
  – 50 ஆண்டு: 91 லிட்டர் (70 செ.லி. பாட்டிலில் 130)
• அதே பீப்பாய் பெங்களூரில், ஆண்டிழப்பு 11% எனக் கொண்டால்:
  – 5 ஆண்டு: 140 லிட்டர்
  – 12 ஆண்டு: 62 லிட்டர்
• பெங்களூரில் 5 ஆண்டு இழப்பு = ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 29 ஆண்டு இழப்பு. இது அளவுக் கணக்கு மட்டும். வெப்பநாட்டில் மரச்சாறு விரைவில் இறங்கும். ஆக்சிஜன் வினைக்கு ஆண்டுகளே தேவை. 'இந்திய விஸ்கியின் 1 ஆண்டு ஸ்காட்ச்சின் 4 ஆண்டுக்குச் சமம்' போன்ற வாய்பாடுகள் விளம்பர மொழி; ஏற்கத்தக்கன அல்ல.
• முதிர்வின் கீழெல்லை 40%. பீப்பாயில் அதற்கும் கீழே இறங்கினால் ஸ்காட்ச் எனும் பெயரே இழப்பு.
• எடுத்துக்காட்டு: மெக்காலன் 'த ரீச்' – 1940 வடிப்பு, 81 ஆண்டு, 2022 வெளியீடு, 288 குடுவைகள், வலிமை 41.6%. எல்லைக்கு 1.6 புள்ளி மேலே.
• எதிர் எடுத்துக்காட்டு: கார்டன் அண்ட் மெக்பெயில் 'ஜெனரேஷன்ஸ்' கிளென்லிவெட் – நிரப்பிய நாள் 3 பிப்ரவரி 1940, 80 ஆண்டு, 250 குடுவைகள், வலிமை 44.9%. 2021-இல் வெளியானபோது அடைக்கப்பட்டவற்றுள் மிக மூத்த சிங்கிள் மால்ட் ஸ்காட்ச். 80 ஆண்டுக்குப் பின் இவ்வலிமை மிக அரிது. பீப்பாய்த் தேர்வின் சாதனை.

மணமும் சேர்மமும்: இணைகள்

• வனிலின் – வனிலா.
• ஓக் லாக்டோன் (விஸ்கி லாக்டோன்) – தேங்காய்.
• யூஜினால் – கிராம்பு.
• குவாயகால் – புகை.
• ஐசோஅமைல் அசிடேட் – வாழைப்பழம்.
• எத்தில் ஹெக்சனோயேட் – ஆப்பிள்.
• ஃபர்ஃபியூரால் – பாதாம்.
• டைஅசிடைல் – வெண்ணெய்.
• டைமெத்தில் டிரைசல்ஃபைடு – வேகவைத்த முட்டைக்கோசு. குறை மணம்.

பீட் புகை

• பீட் – சதுப்பு நிலத்தில் மக்கிய தாவரப் படிவு, முற்றா நிலக்கரி. மால்ட் உலர்த்தும் எரிபொருள்.
• அளவீடு: ஃபீனால், பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு). அளவிடப்படுவது மால்ட்டில்; பாட்டிலில் உள்ள விஸ்கியில் அன்று.
• லாகவூலின் ஏறத்தாழ 35, லாஃப்ரோயக் 40–45, ஆர்ட்பெக் ஏறத்தாழ 55. மூன்றும் ஐலே தீவின் தென்கரை.
• ஆக்டோமோர் 8.3 – 309 பி.பி.எம்.; வடிசாலை புரூக்லாடி.
• வயது ஏற ஏறப் புகை தணியும். 30 ஆண்டு ஐலே மால்ட்டில் முன்னிற்பது பழம்; புகை பின்னணி.

சுவை ஆய்வு: வரிசை

• கிண்ணம்: அடி அகன்று வாய் குறுகிய துலிப் வடிவம். கிளென்கெய்ர்ன் கிண்ணம் – ரேமண்ட் டேவிட்சன் – 2001.
• அளவு: 20 முதல் 25 மி.லி. பனிக்கட்டி தவிர்ப்பு; குளிர் ஆவியாதலைத் தடுக்கும்.
• பல விஸ்கிகளை ஆயும்போது: குறைந்த வலிமை முதலில், கூடியது பின், புகையற்றது முதலில், புகையுள்ளது கடைசி.

1. நிறம்
• மிகக் குறைந்த சான்று மதிப்பு. கேரமல் நிறமிக்கு அனுமதி உள்ளதால் கருமை வயதின் அடையாளம் அன்று. மறுநிரப்புப் பீப்பாயின் 40 ஆண்டு விஸ்கி வைக்கோல் நிறத்திலும் இருக்கும்.
• கிண்ணச் சுவரில் வழியும் கோடுகள் – மாரங்கோனி விளைவு. இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மாரங்கோனி பெயரால். காரணம்: ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு இழுவிசையில் ஏற்படும் வேறுபாடு. காட்டுவது வலிமையை, தரத்தை அன்று.

2. முகர்தல்
• ஆய்வின் பெரும்பகுதி இங்கே. நாக்கு அறியும் அடிப்படைச் சுவைகள் ஐந்து. மற்ற நுட்பங்கள் மூக்கின் வேலை.
• கிண்ணத்தை மூக்குக்கு மெல்லக் கொண்டுவருதல். வாய் சற்றுத் திறந்த நிலை. ஆழ்ந்து இழுத்தல் கூடாது. முதல் முகர்வில் ஆல்கஹாலின் காந்தல்; இரண்டாவதில் பழம், மலர்; மூன்றாவதில் மரம், மெழுகு, தோல்.
• கிண்ணத்தில் காற்றாடல்: ஓர் ஆண்டு வயதுக்கு ஒரு நிமிடம் என்பது வழக்கு. 15 முதல் 20 நிமிடம் போதுமானது. 40 ஆண்டு கடந்தவற்றில் மென்மணங்கள் அதற்குமேல் கலையத் தொடங்கும்.
• மூக்குச் சோர்வு – ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் உணர்வு மங்கல். தீர்வு: இடைவெளி, தன் முழங்கைச் சட்டையை முகர்தல்.

3. நாவில்
• சிறு மிடறு. சில நொடிகள் நாவெங்கும் படரவிடல். விழுங்கியபின் மூக்கு வழி மூச்சு விடல். பின்வழி நுகர்வு இதுவே.
• கவனிக்க வேண்டியவை மூன்று: முதல் தாக்கம், நடுச்சுவை, வாய்ப்படிவு. வாய்ப்படிவின் வகைகள்: நீர்த்தது, எண்ணெய்ப் பதம், மெழுகுப் பதம், துவர்த்து இறுகுவது.
• மெழுகுப் பதத்துக்குப் பெயர்பெற்றது கிளைன்லிஷ்.

4. நீர்
• அறை வெப்ப நிலை நீர், துளித்துளியாக, முதல் சுவைப்புக்குப் பின் மட்டும்.
• 2017, ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வு (கார்ல்சன், ஃபிரீட்மன்): 59 விழுக்காட்டுக்கு மேல் குவாயகால் எத்தனாலால் சூழப்பட்டுத் திரவத்துள் தங்கும்; 45 விழுக்காடு வரை குறைத்தால் மேற்பரப்புக்கு எழும். முறை: கணினி வழி மூலக்கூறு உருவகம்.
• 2023, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு: 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் சேர்ந்தால் விஸ்கிகளுக்கு இடையிலான மணவேறுபாடு மங்கும்.
• 43 விழுக்காட்டுக்குக் கீழுள்ள மிக முதிர்ந்த விஸ்கிக்கு நீர் வேண்டா. உடையும், திரும்பாது.
• கலவை வல்லுநர் முகர்வது ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு நீர்த்த மாதிரியை. குறை காண அது ஏற்றது; இன்பத்துக்கு அன்று.

5. பின்சுவை
• விழுங்கியபின் நிற்கும் சுவை. நீளத்தைவிட மாற்றம் முக்கியம்: பழம் → மசாலா → புகை என நகர்வது முதிர்வின் அடையாளம், ஒரே கசப்பாக நீள்வது மரமிகை.

6. வெறுங்கிண்ணம்
• காலியான கிண்ணத்தைச் சில மணி நேரம் கழித்து முகர்தல். ஆல்கஹால் போனபின் எஞ்சும் மணம்: மரம், தேன்மெழுகு, சாம்பல். மலிவான விஸ்கியின் கிண்ணத்தில் எஞ்சுவது குறைவு. ஆறு படிகளில் மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் மிக நம்பத்தக்கதும் இதுவே.

முதிர்வின் நல்ல அடையாளங்கள்

• ரான்சியோ – நீண்ட ஆக்சிஜனேற்றத்தின் மணம்: அக்ரூட், காளான், பழந்தோல். பிராந்தி, ஷெர்ரி சொற்களஞ்சியத்திலிருந்து வந்தது.
• தேன்மெழுகு, மெருகேற்றிய மரச்சாமான், உலர்ந்த ஆரஞ்சுத் தோல், புகையிலை இலை.
• வெப்பமண்டலப் பழங்கள் – மாம்பழம், கொய்யா, பேஷன் பழம். 1960-களின் பௌமோர் வடிப்புகளின் தனி அடையாளம்.
• வலிமை உயர்ந்திருந்தும் காந்தல் இன்மை.

முதிர்வின் தீய அடையாளங்கள்

• டானின் மிகை: நாக்கு வறட்சி, கடுந்தேநீர்க் கசப்பு, பென்சில் சீவல் மணம்.
• வடிசாலையின் தனிக்குணம் அழிதல். எவ்வடிசாலை எனக் கூற இயலாத 40 ஆண்டு விஸ்கி தோல்வியே, விலை எதுவாயினும்.
• தட்டைத்தன்மை: வலிமை 40-ஐ நெருங்கி நடுச்சுவை காலியாதல்.
• கந்தகம்: தீக்குச்சி, இரப்பர். பெரும்பாலும் ஷெர்ரி பீப்பாயில் எரித்த கந்தகத் திரியின் எச்சம்.
• பெரும்பாலான மால்ட்டுகளின் சுவை உச்சம்: 15 முதல் 25 ஆண்டு. அதற்குமேல் கூடும் விலை பெரிதும் அருமைக்கானது.

குளிர் வடிகட்டல்

• அடைக்குமுன் குளிரச் செய்து கொழுப்பமில எஸ்டர்களை அகற்றல். நோக்கம்: குளிரில் கலங்காமை, முழுக்கத் தோற்றம் சார்ந்தது.
• 46% அல்லது மேல் – வடிகட்டாவிடினும் கலங்கல் அரிது. லேபிளில் 46 அடிக்கடி காணப்படுவது இதனால்.

மதிப்பெண் முறை

• மைக்கேல் ஜாக்சன் (பிரித்தானிய எழுத்தாளர்; பாடகர் அல்லர்) – மால்ட் விஸ்கி கம்பேனியன், 1989. 100 புள்ளி முறை.
• ஜிம் மர்ரே – விஸ்கி பைபிள், முதற்பதிப்பு 2003. மணம் 25, சுவை 25, பின்சுவை 25, சமநிலை 25.
• ஜிம் மர்ரேயின் 2010 பதிப்பில் உலகின் மூன்றாம் சிறந்த விஸ்கி: அம்ருத் ஃபியூஷன், பெங்களூரு. 2015 பதிப்பில் முதலிடம்: யமசாக்கி ஷெர்ரி காஸ்க் 2013, ஜப்பான்.
• ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி – எடின்பரோ, 1983. லேபிளில் வடிசாலைப் பெயருக்குப் பதில் எண்.
• 90-க்கும் 91-க்கும் உள்ள வேறுபாடு ஆய்வாளரின் அன்றைய மூக்கு. பெயர் மறைத்துச் சுவைக்காத மதிப்பெண்ணில் லேபிளின் பங்கு தவிர்க்க இயலாதது.

விலை மதிப்பீடு: பாட்டிலைப் படித்தல்

• இரு மதிப்புகள்: அருந்து மதிப்பு, சேகரிப்பு மதிப்பு. முதலாவது திறந்தபின், இரண்டாவது திறக்காதவரை.
• சேகரிப்பு மதிப்பின் கூறுகள்: வடிசாலை, எண்ணிக்கை, வயது, நிலை, மூலச்சான்று. வயதுக்கு இடம் மூன்றாவதே.
• வலிமைக் குறிப்பு: பிரிட்டன் 1 ஜனவரி 1980-இல் ஏ.பி.வி. முறைக்கு மாற்றம். லேபிளில் '70° புரூஃப்' மட்டும் இருப்பின் அதற்கு முந்தைய அடைப்பு.
• பிரித்தானிய 70° புரூஃப் = 40%. பிரித்தானிய 100° புரூஃப் = 57.1%. அமெரிக்க 80 புரூஃப் = 40%. பிரித்தானிய, அமெரிக்க புரூஃப் ஒன்றல்ல.
• கொள்ளளவு: 26⅔ திரவ அவுன்சு – பழைய அடைப்பு, 75 செ.லி. – 1980-கள், 70 செ.லி. – 1990-களின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பா. அமெரிக்கா, இந்தியாவில் 750 மி.லி. தொடர்கிறது.
• நிரப்பு மட்டம்: கழுத்து – சிறப்பு, மேல்தோள் – பழைய பாட்டிலுக்கு ஏற்புடையது, நடுத்தோளும் கீழும் – விலைச் சரிவு. காரணம் தக்கை வழிக் கசிவு.
• சேமிப்பு: நிமிர்ந்த நிலை, இருள், நிலையான வெப்பம். ஒயின் போலப் படுக்கவைத்தால் ஆல்கஹால் தக்கையை அரிக்கும்.
• ஏல விலை = கூவி முடித்த விலை + வாங்குவோர் கட்டணம் + வரி + அனுப்புச் செலவு. ஒப்பிடும்போது ஒரே அடிப்படை தேவை.
• சார்பற்ற அடைப்பாளர் – பிறரது வடிசாலைப் பீப்பாயை வாங்கி அடைப்பவர். கேடன்ஹெட் 1842, கார்டன் அண்ட் மெக்பெயில் 1895. ஒரே வடிசாலை, ஒரே வயது எனில் இவற்றின் விலை வழக்கமாகக் குறைவு. அருந்து மதிப்புக்கு முதல் தேர்வு.
• பீப்பாய் முதலீடு: விற்பனைச் சான்றிதழ் உரிமைச்சான்று ஆகாது. உரிமை மாற்றத்துக்குக் கிடங்குக் காப்பாளருக்குரிய 'டெலிவரி ஆர்டர்' இன்றியமையாதது.
• 2022-க்குப் பின் ஏலச் சந்தையில் சரிவு.

சாதனை விலை: மெக்காலன் 1926

• பீப்பாய் எண் 263, ஷெர்ரி பீப்பாய், வடிப்பு 1926, அடைப்பு 1986, 60 ஆண்டு, வலிமை 42.6%.
• கிடைத்தவை: 40 பாட்டில். மொத்தம் ஏறத்தாழ 30 லிட்டர்.
• லேபிள்: 12 – வலேரியோ அடாமி (இத்தாலி), 12 – பீட்டர் பிளேக் (பிரிட்டன்), 14 – 'ஃபைன் அண்ட் ரேர்', 2 – லேபிள் இன்றி. அவ்விரண்டுள் ஒன்றில் மைக்கேல் டில்லனின் கையோவியம்.
• 2018 – கிறிஸ்டீஸ் ஏலம் – டில்லன் பாட்டில் – 12 லட்சம் பவுண்டு. 10 லட்சம் பவுண்டைக் கடந்த முதல் விஸ்கி பாட்டில்.
• 2019 – சதபீஸ் ஏலம் – ஃபைன் அண்ட் ரேர் – 14.52 லட்சம் பவுண்டு.
• 18 நவம்பர் 2023 – சதபீஸ், லண்டன் – அடாமி பாட்டில் – 21,87,500 பவுண்டு. முன்மதிப்பீட்டின் மேலெல்லை 12 லட்சம்.
• 2023 விற்பனைக்கு முன் வடிசாலையில் சீரமைப்பு: தக்கையும் மூடியுறையும் புதிது, லேபிள் முனைகளுக்குப் புதுப் பசை, 1 மி.லி. மாதிரி எடுத்து மற்றொரு 1926 மாதிரியுடன் ஒப்பீடு. முன்மதிப்பீட்டை விஞ்சிய விலைக்கு இம்மூலச்சான்றின் பங்கு பெரிது.
• ஒரே பீப்பாய், ஒரே திரவம், விலை வேறு. வேறுபாடு லேபிளில்.
• பீப்பாய் விற்பனைச் சாதனை: ஆர்ட்பெக், பீப்பாய் எண் 3, வடிப்பு 1975, 2022, 1.6 கோடி பவுண்டு. வாங்கியவர் ஆசியச் சேகரிப்பாளர்.

போலியும் கண்டறிதலும்

• கதிரியக்கக் கார்பன் (கார்பன்-14) முறையின் அடிப்படை: 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகள், காற்றில் கார்பன்-14 மிகுதல், வளரும் வாற்கோதுமை அதை ஏற்றல். 1955-க்கு முந்தையது எனும் விஸ்கியில் இம்மிகை தென்பட்டால் போலி.
• வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்த பகுதியளவுத் தடை ஒப்பந்தம்: 1963.
• 2017, செயின்ட் மோரிட்ஸ், சுவிட்சர்லாந்து: விடுதி மதுக்கூடத்தில் 'மெக்காலன் 1878', 2 செ.லி.; 9,999 சுவிஸ் பிராங்க். தக்கை, லேபிள் குறித்து வல்லுநர் ஐயம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு: 95% நிகழ்தகவில் 1970–72. ஆய்வகப் பகுப்பாய்வு: 60% மால்ட், 40% கிரெய்ன், சிங்கிள் மால்ட்டே அன்று. விடுதி முழுத்தொகையும் திருப்பித் தந்தது, முன்மாதிரி நடத்தை.
• 2018, ஸ்காட்டிஷ் பல்கலைக்கழகங்களின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம், ஈஸ்ட் கில்பிரைடு: ஆய்ந்த அரிய பாட்டில்கள் 55, போலி அல்லது ஆண்டு பொய்த்தவை 21. அந்த 21-இன் மதிப்பு, உண்மையாயின், ஏறத்தாழ 6.35 லட்சம் பவுண்டு.
• 19-ஆம் நூற்றாண்டுச் சிங்கிள் மால்ட் எனும் பாட்டில், ஆய்வறிக்கை இல்லையேல் போலி எனக் கொள்வதே சரி.

பிற நாடுகள்

• ஜப்பான்: யமசாக்கி, 1923, தோரி ஷின்ஜிரோ, முதல் மேலாளர் தகேட்சுரு மசடாகா. யமசாக்கி 55 ஆண்டு – 2020, போன்ஹாம்ஸ், ஹாங்காங் – ஏறத்தாழ 7.95 லட்சம் டாலர்.
• கருயிசாவா (ஜப்பானிய வடிசாலை) – 1955 தொடக்கம். 2000-இல் வடிப்பு நிறுத்தம். கருயிசாவா 1960: 52 ஆண்டு, 41 பாட்டில்.
• தைவான்: கவலான்; முதல் வடிப்பு 2006; 2015-இல் உலக விஸ்கி விருதில் சிறந்த சிங்கிள் மால்ட்.
• அமெரிக்கா: 'அமெரிக்கன் சிங்கிள் மால்ட்' சட்ட வரையறை நடைமுறை 19 ஜனவரி 2025, பீப்பாய் உச்சம் 700 லிட்டர், குறைந்தபட்ச வயது இல்லை.

இந்தியா

• அம்ருத் – நிறுவனம் 1948. அதன் சிங்கிள் மால்ட் அறிமுகம் 2004, இடம் கிளாஸ்கோ. இந்தியச் சந்தைக்கு 2010.
• அம்ருத் ஃபியூஷன் – 2009, 50%, இந்திய வாற்கோதுமை + ஸ்காட்லாந்தின் பீட் புகை மால்ட்.
• கிரீடி ஏஞ்சல்ஸ் (பேராசைத் தேவதைகள்) – அம்ருத்தின் முதிர்ந்த வரிசை. 8, 10, 12 ஆண்டு. பெயர்க்காரணம் ஆவியிழப்பு.
• பால் ஜான் – கோவா. ராம்பூர் – உத்தரப் பிரதேசம். இந்திரி – ஹரியாணா.
• அரசமைப்பு: ஏழாம் அட்டவணை, மாநிலப் பட்டியல், பதிவு 8 (போதை மதுவகைகள்), பதிவு 51 (கலால்). மதுவிலக்கு: உறுப்பு 47, அரசு நெறிமுறைக் கோட்பாடு.
• மனித நுகர்வுக்கான மது: சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே. ஒரே பாட்டிலின் விலை மாநிலத்துக்கு மாநிலம் வேறு.
• ஸ்காட்ச் இறக்குமதியில் அளவின்படி 2022-இல் முதலிடம் இந்தியா (21.9 கோடி பாட்டில்), பிரான்சை முந்தியது. மதிப்பின்படி முதலிடம் அமெரிக்கா.
• இந்தியா–பிரிட்டன் விரிவான பொருளாதார, வணிக ஒப்பந்தம்: கையெழுத்து 24 ஜூலை 2025. விஸ்கி இறக்குமதித் தீர்வை 150%-இலிருந்து நடைமுறை நாளில் 75%. பத்தாம் ஆண்டில் 40%.